ஆறாம் பாகத்துத் தேமொழி

கச்சிராயபாளையம்
11.02.2024

அப்ரினுக்கு,

‘அன்புள்ள’ என்று போடவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். நீ கவனிக்க வேண்டும் என்றுதான் போடவில்லை.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். சுபைர் அண்ணன் நம்பரிலிருந்தும் கடை நம்பரிலிருந்தும் நீ கூப்பிட்டுப் பார்த்தாய், எடுக்கவில்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்கு அழுகை வரும், நீ சமாதானம் சொல்வாய், பாதியில் என் கோபம் எனக்கே மறந்துவிடும். தபாலில் அந்த ஆபத்து இல்லை. சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிடலாம்.

‘வேங்கைக் குன்றம்’ முதல் பாகத்தை விழுப்புரம் ஹாஸ்டலில் ஒரே போர்வைக்குள் படித்து முடித்தோமே, அன்று நமக்குள் வந்த சண்டை நினைவிருக்கிறதா? படைத்தலைவன் அதிரன் யாருக்கு என்று. ஒரு வாரம் பேசாமல் கிடந்து, கடைசியில் நீதான் ஒரு வழி சொன்னாய். ஒற்றைப்படைப் பாகங்களில் அவன் உனக்கு, இரட்டைப்படைப் பாகங்களில் எனக்கு. எனக்குக் கல்யாணம் ஆயிற்று, உனக்கு நிக்காஹ் ஆயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இந்த ஒப்பந்தத்தை மட்டும் நாம் மீறியதில்லை. ஐந்தாம் பாகத்தில் அவன் தோளில் அம்பு பாய்ந்தபோது நான் உனக்குப் போன் போட்டு துக்கம் விசாரித்தேன். அது உன் பாகம். நீ அழுதாய், நான் தேற்றினேன்.

ஆறாம் பாகம் என்னுடையது. அதில் போய் அவனுக்குக் கல்யாணம் செய்து வைத்திருக்கிறார் ஆசிரியர். அதுகூடப் போகட்டும். யாரோடு? தேமொழி என்று ஒருத்தி, ஜவுளி வணிகன் மகள். சிரிக்கும்போது வாயை மூடமாட்டாளாம், கண்ணை மூடிக்கொள்வாளாம். கோபம் வந்தால் மடித்த துணியையே பிரித்துப் பிரித்து மடிப்பாளாம். தண்ணீரை அண்ணாந்து குடித்துக் கழுத்தெல்லாம் நனைத்துக்கொள்வாளாம். எதிரில் நிற்பது படைத்தலைவன் என்றும் பாராமல் விரலை நீட்டிப் பேசுவாளாம். படிக்கப் படிக்க எனக்கு வயிறு எரிந்தது. இவளை எங்கேயோ பார்த்திருக்கிறோமே, பக்கத்தில் படுத்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே முன்னுரைக்குப் போனேன். நான் எப்போதும் முன்னுரையைக் கடைசியில்தான் படிப்பேன் என்பது உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் இருந்தாய் போல.

‘கல்வராயன் மலைப்பாதையில் வழித்துணையாக வந்து, தேமொழியை எனக்கு அறிமுகம் செய்து வைத்த கள்ளக்குறிச்சி வாசகி அப்ரின் அவர்களுக்கு என் நன்றி.’

நேராக அணைக்கட்டுக்குப் போனேன். டீக்கடை ஜெயம்மாளிடம் கேட்டேன். அது என்ன சொன்னது தெரியுமா? “ஆமா செல்வி, போன மாம்பழ சீசன்ல உன் கூட்டாளி, அதான் அந்த துணிக்கடைக்காரங்க வூட்டு பொண்ணு, ஒரு பெரியவரோட கார்ல மலைக்கு போய்க்கினு இருந்துச்சே. இங்கதான் டீ குடிச்சாங்க. நீ இன்னா போவலையான்னு அப்பவே கேக்கணும்னு இருந்தேன்.”

உன் கார் எங்கள் ஊருக்குள் நுழைந்து, எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் மலை ஏறியிருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. ஆசிரியரோடு ஒரு நாளாவது உட்கார்ந்து பேசத்தானே நாம் இத்தனை வருஷம் ஆசைப்பட்டோம். நான் அன்றைக்கு வீட்டில்தான் இருந்திருப்பேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

என்னை இறக்கிவிட்டு நீ மட்டும் கதைக்குள் போய் அவனைக் கட்டிக்கொண்டாய். அதுவும் என் பாகத்தில்.

செந்தமிழ்ச்செல்வி

*

கள்ளக்குறிச்சி
17.02.2024

செல்விக்கு,

தபால்காரர் உன் கடிதத்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். “இந்தக் காலத்துல யாருங்க லெட்டர் எழுதறது?” என்று சுபைர் பிரிக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன். புடவை எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ கேட்காமல் விட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆசிரியர் ஏப்ரல் மாதம் எனக்குக் கார்டு போட்டார். அவர் செல்போன் வைத்துக்கொள்வதில்லை. கதை இனி மலைக்குப் போகப்போகிறது, ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும், உதவ முடியுமா என்று கேட்டிருந்தார். நான் பாகத்துக்கு ஒரு கடிதமாவது அவருக்கு எழுதுகிறவள், என் விலாசம் அவரிடம் இருந்தது. உன்னிடம் சொல்ல மறக்கவில்லை. நேரம் இல்லாமல் போகவும் இல்லை. சொல்லக்கூடாது என்று முடிவு செய்தேன்.

ஏன் என்று யோசித்துப் பார்த்தாயா? விழுப்புரத்தில் வாசகர் சந்திப்பு நடந்ததே, நாம் இருவரும் ஒன்றாகப் போனோமே. மூன்றாம் பாகத்தில் அதிரன் ஏன் தன் குதிரையை விற்றான், அவன் பொய் சொல்கிறானா என்ற கேள்வியை நான் மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்தேன். பஸ்ஸில் போகும்போது உன்னிடம் சொன்னேன். அரங்கத்துக்குள் போனதும் நீ முன்வரிசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையைத் தூக்கி, அதையே கேட்டாய். அவர், “இது வரைக்கும் யாரும் கேட்காத கேள்வி” என்று உன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். சாப்பிடும்போதும் உன்னைக் கூப்பிட்டுப் பேசினார். நான் உன் கைப்பையையும் குடையையும் பிடித்துக்கொண்டு தூணோரம் நின்றேன். திரும்பி வரும்போது, “அவரு இன்னா தங்கமான மனுசன் பாத்தியா” என்று என்னிடமே சொன்னாய்.

நீ இருந்தால் அந்தக் காரிலும் அப்படித்தான் ஆகியிருக்கும். நீ பேசுவாய், அவர் கேட்பார், நான் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டிக்கொண்டிருப்பேன். ஒரே ஒரு முறை அவர் என்னிடம் பேசட்டும் என்று நினைத்தேன். அது தப்பா?

உங்கள் தெருமுனை வந்தபோது நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்துகொண்டேன். அதையும் ஒளிக்கவில்லை.

தேமொழி விஷயத்தில் நீ எழுதியிருப்பது அத்தனையும் தப்பு. நம்பரை பிளாக் செய்கிறவளுக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்?

அப்ரின்

*

கச்சிராயபாளையம்
02.03.2024

அப்ரினுக்கு,

கேள்வி உன்னுடையதுதான். அன்றைக்கு வாய் முந்திக்கொண்டது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டேன், அதற்குப் பதிலாக நீ ஒரு புருஷனை எடுத்துக்கொண்டாய். இது எந்த ஊர் நியாயம்?

தப்பு என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டால் ஆயிற்றா? வாயை மூடாமல் கண்ணை மூடிச் சிரிப்பது யார்? ஹாஸ்டல் மெஸ்ஸில் நீ சிரித்துச் சிரித்து மோர் டம்ளரைத் தட்டிவிட்டதை நான் பார்க்கவில்லையா? சுபைர் அண்ணனோடு சண்டை போட்டால் கடையில் இருக்கும் துணியையெல்லாம் பிரித்து மடிக்கிறாய் என்று நீயே சொல்லவில்லையா? ஜவுளி வணிகன் மகளாம். உன் மாமனார் கடை ஜவுளிக்கடை. இவ்வளவு அப்பட்டமாகவா செய்வது? பெயரை மட்டும் மாற்றினால் எனக்குத் தெரியாமல் போய்விடுமா?

இங்கே கரும்பு வெட்டு நடக்கிறது. ஆளுக்குச் சோறு வடித்துப் போட்டுவிட்டு, மத்தியானம் எல்லோரும் வயலில் இருக்கும்போது புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தேமொழி என்று வரும் இடத்தையெல்லாம் பேனாவால் அடித்துக்கொண்டு வருகிறேன். கல்யாண அத்தியாயத்தில் அடித்து அடித்துத் தாளே கிழிந்துவிட்டது. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்கு லோடு ஏற்றிவிட்டு வந்த என் வீட்டுக்காரர், “பரிச்சைக்கு படிக்கிறியா இன்னா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உனக்கு ஒன்று தெரியுமா? எங்கள் கொல்லையில் நின்றால் மலை தெரிகிறது. மழைக்கு முன்னால் அது நீலமாக நிற்கும்போதெல்லாம், அதிரன் அங்கேதான் எங்கேயோ கூடாரம் அடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்ப்பேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்வேன். இப்போது அந்தப் பக்கம் பார்த்தால் நீதான் கார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போகிறாய்.

ஏழாம் பாகம் உன்னுடையது. நான் வாங்கமாட்டேன். அவனும் நீயும் நன்றாக இருங்கள்.

செந்தமிழ்ச்செல்வி

*

கள்ளக்குறிச்சி
10.03.2024

செல்வி,

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. உன்னை இப்படியே விட்டால் முழுப் புத்தகத்தையும் கிழித்துவிடுவாய். அதனால் சொல்கிறேன்.

அன்று சுபைர் கார் ஓட்டினார். ஆசிரியர் முன் சீட்டில், நான் பின்னால். அணைக்கட்டு தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் அவர் என்னிடம் திரும்பினார். “அதிரனை இனிமேல் தனியாக விட முடியாதும்மா. அவன் கூட நிற்க எப்படிப்பட்ட பெண்ணால் முடியும்? என்னைவிட உங்களுக்குத்தான் அவனைத் தெரியும். நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

யோசித்துப் பார். இதற்காகத்தானே உன்னை விட்டுவிட்டு வந்தேன். அவர் என்னிடம் கேட்கிறார். பக்கத்தில் நீ இல்லை. நான் எது சொன்னாலும் அது கதைக்குள் போகும். என்னைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். அவன் காயத்தோடு வந்து நின்றால் நான் முதலில் விழுவேன். அவன் முறைத்தால் நான் அழுவேன். அவனுக்குச் சமமாக நின்று, விரலை நீட்டி, “செஞ்சது தப்பு” என்று சொல்லக்கூடியவள் வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒருத்திதான் இருக்கிறாள்.

ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை. கரியாலூர் போய்ச் சேரும்வரை உன்னைப் பற்றித்தான் பேசினேன். அருவிக்கு நடந்து போகும்போதும் உன்னைப் பற்றித்தான். ஹாஸ்டலில் வார்டனிடம் சண்டை போட்டு எனக்கு நோன்புச் சாப்பாடு வாங்கித் தந்தாயே, அதைச் சொன்னேன். நீ தண்ணீர் குடிக்கும் அழகைச் சொன்னேன். கண்ணை மூடிச் சிரிப்பது நீதான் செல்வி. ஹாஸ்டலுக்கு வந்தபோது நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண். உன்னோடு இருந்து இருந்து எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. துணியைப் பிரித்து மடிப்பதும் உன்னிடமிருந்து வந்ததுதான். உன் முகத்தை நீ எங்கே பார்த்தாய்?

கடைசியில் அவர், “உங்கள் வீட்டில் என்ன தொழில்?” என்று கேட்டார். ஜவுளி என்றேன். அதைக் கொண்டுபோய்க் கதையில் உன் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்.

திரும்பும்போது சுபைர், “பேசாம அவர செல்வி வூட்லயே எறக்கிவிட்டிருக்கலாம், மலை ஏறுன பெட்ரோலாவது மிச்சம்” என்றார்.

புத்தகம் வந்த அன்று கல்லாவில் உட்கார்ந்து படித்தேன். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுகிறான். எழுந்து உள்ளே போய், துணி பண்டலுக்குப் பின்னால் நின்று அழுதேன். நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் நான் இருந்திருப்பேன். என் வாயாலேயே அவனை உனக்குக் கட்டி வைத்துவிட்டேன். பொறாமைதான், வேறு ஒன்றும் இல்லை. நீ என்னைத் திட்டி எழுதிய கடிதத்தைக்கூடப் பொறாமையோடுதான் படித்தேன். அவன் பெண்டாட்டி எழுதிய கடிதம் என்று.

அப்ரின்

*

கச்சிராயபாளையம்
24.03.2024

என் அன்புள்ள அப்ரின்,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. சமாளிக்கிறாய் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று, சாப்பிட உட்கார்ந்த என் வீட்டுக்காரரிடம், பெயரை மட்டும் விட்டுவிட்டு, தேமொழி கோபித்துக்கொள்ளும் பகுதியைப் படித்துக் காட்டினேன். அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “இது இன்னா, நம்ம வூட்டு கதைய எவனோ எழுதி வெச்சிருக்கான்?” என்றார். மாமியார் ராணியம்மாள் அந்தப் பக்கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், “தண்ணி குடிக்கிறத பத்தி படிச்சியே, அது அப்டியே நீதாம்மா. இப்பகூட பாரு, ரவிக்கை நனைஞ்சி கெடக்குது” என்றார்.

குனிந்து பார்த்தேன். நனைந்துதான் இருந்தது.

அப்புறம் போய்க் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொள்வதால் எதுவும் தெரியவில்லை. இத்தனை நாளும் எவளையோ வாய்க்கு வந்தபடி திட்டினேன் என்று நினைத்தால், என்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அடித்த மையை பிளேடால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். கல்யாண அத்தியாயத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நீ உன் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பு. அவன் என்னைப் பார்த்து, “உன்னிடம் தோற்பதற்கு எனக்கு வெட்கமில்லை” என்று சொல்வானே, அந்தப் பக்கம் கட்டாயம் வேண்டும். தெளிவாக எடு.

இதை உன்னிடம் கேட்பது உனக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது. தெரிந்துதான் கேட்கிறேன். நீ என் தெருவைத் தாண்டும்போது செருப்பு வாரைச் சரி செய்தாய் அல்லவா, அதற்கு இது.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். பிள்ளைகள், சுபைர் அண்ணன், கடை, உன் அத்தா முகம்மது கவுஸ் அவர்களின் சர்க்கரை எல்லாம் போனில் பேசிக்கொள்வோம். அதிரன் விஷயம் மட்டும் தபாலில் இருக்கட்டும். அதைக் குரலில் பேச ஆரம்பித்தால் மறுபடி பிளாக் செய்துவிடுவேன்.

இரண்டு நாளாகச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. மாட்டிடம்கூடப் படைத்தலைவன் மனைவி மாதிரிதான் பேசினேன். நேற்றுதான் உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை நிதானமாகப் படித்தேன். பண்டலுக்குப் பின்னால் நின்று அழுதாயா? அவனை எனக்குக் கொடுத்துவிட்டு நீ வெறுங்கையோடு நிற்பது எனக்கு என்னவோ போல் இருக்கிறது. அடுத்த பாகம் உன் பாகம் வேறு. அதில் நான் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தால் உனக்கு எப்படிப் படிக்கத் தோன்றும்?

ஆசிரியருக்கு ஒரு இன்லண்ட் லெட்டர் போட்டிருக்கிறேன். என்ன எழுதினேன் என்று கேட்காதே.

செல்வி

*

கள்ளக்குறிச்சி
05.04.2024

செல்வி,

ஜெராக்ஸ் இதோடு இருக்கிறது. தெளிவாகத்தான் எடுத்திருக்கிறேன். அவன் தோற்பதாகச் சொல்லும் பக்கத்தில் என் கண்ணீர் பட்டு மங்கிய இடம் கறுப்பாக விழுந்திருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ அவருக்கு எழுதியிருக்கக்கூடாது. என்ன எழுதினாய்? இன்னும் நகை வேண்டும் என்றா, பிள்ளை வேண்டும் என்றா? அவருக்குக் கடிதம் எழுதுவது என் வழக்கம். உனக்குப் புருஷன் கிடைத்தான், எனக்கு அந்தத் தபால் பெட்டியாவது மிஞ்சியிருந்தது. இப்போது அதிலும் கை வைத்துவிட்டாய்.

உன் வீட்டுக்காரர் சங்கர் அண்ணாவிடம், அவர் கேட்ட துணி வந்திருப்பதாகச் சொல். நோன்பு முடிந்ததும் பிரியாணியோடு வருகிறேன். அதிரன் பேச்சு எடுக்கமாட்டேன்.

அப்ரின்

*

கள்ளக்குறிச்சி
19.01.2025

செல்வி,

நேற்று நான் போன் செய்தபோது நீ, “சொல்லுடி, கொழம்பு கொதிக்கிது” என்றாய். நான் ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டேன். சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். உன் குரலைக் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஏழாம் பாகம் வந்துவிட்டது. நீ இன்னும் பிரிக்கவில்லை என்றால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் படி.

மூன்றாம் அத்தியாயத்திலேயே தேமொழி செத்துவிடுகிறாள். கோமுகி ஆற்றில் வெள்ளம். அக்கரையில் இருக்கும் அதிரனின் படையை இரவோடு இரவாக எதிரி வளைக்கப்போகிறான் என்ற செய்தி அவளுக்குத்தான் தெரியும். ஓடம் விட யாரும் வரவில்லை. அவளே ஆற்றில் இறங்குகிறாள். சேதி போய்ச் சேருகிறது, அவள் போய்ச் சேரவில்லை.

அவளைக் கொன்றது நான்தான்.

போன வருஷம் ஆறாம் பாகம் படித்துவிட்டுப் பண்டலுக்குப் பின்னால் அழுதேன் என்று எழுதினேன் அல்லவா? அதோடு நிறுத்தவில்லை. அன்றே அவருக்கு எழுதினேன். ‘தேமொழி வேண்டாம். அவளைக் கொன்றுவிடுங்கள்’ என்று. அது நீ என்று தெரிந்தே எழுதினேன். அப்புறம் உன்னுடைய சமாதானக் கடிதம் வந்தது. உடனே இன்னொரு கடிதம் போட்டேன், முதல் கடிதத்தை மறந்துவிடுங்கள், அவள் நீண்ட நாள் வாழட்டும் என்று. அது போய்ச் சேரவில்லையோ, அவர் கணக்கில் எடுக்கவில்லையோ, தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதையும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ ஆற்றில் போனதும் அழுதேன், நிஜமாக அழுதேன். ஆனால் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டும்போது, இனி அவன் தனி ஆள், இது என் பாகம் என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது செல்வி.

அந்தச் சந்தோஷத்துக்கு நன்றாகப் பட்டுவிட்டேன். அவன் அதற்குப் பிறகு யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இளவரசியே வந்து கேட்கிறாள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வாளைக் கொண்டுபோய் அரசனிடம் கொடுத்துவிட்டு, அவள் போன இடத்தில் கல் சுமந்து போட்டு, சனங்கள் கடக்க ஒரு துறை கட்டுகிறான். தலை நரைக்கும் வரை கட்டுகிறான். வழிப்போக்கர்கள் நீ யார் என்று கேட்டால், படைத்தலைவன் என்று சொல்வதில்லை. “தேமொழியின் கணவன்” என்கிறான். கடைசி வரியும் அதுதான்.

புத்தகம் முழுக்க நீதான் இருக்கிறாய். உயிரோடு இருந்தபோதுகூட இவ்வளவு இல்லை. உன்னைக் கொன்ற பாவமும் எனக்கு, அவன் உன்னையே நினைத்துக்கொண்டிருப்பதைப் பக்கம் பக்கமாகப் படித்த வயிற்றெரிச்சலும் எனக்கு.

என்னைத் திட்டி எழுது. இல்லாவிட்டால் பிளாக் செய். ஏதாவது செய்.

அப்ரின்

*

கச்சிராயபாளையம்
24.01.2025

அன்புள்ள அப்ரின்,

உன் கடிதம் வருவதற்குள் நான் படித்து முடித்துவிட்டேன். கொல்லையில் உட்கார்ந்துதான் படித்தேன். என் சாவை நானே படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் கரையில் நின்று எல்லோரையும் ஒரு சத்தம் போட்டுவிட்டு இறங்குகிறேனே, அது எனக்குப் பிடித்தது.

நீ கொல்லவில்லை. அழாதே. போன மார்ச்சில் அந்த இன்லண்ட் லெட்டரில் நான் என்ன எழுதினேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, நகையும் கேட்கவில்லை, பிள்ளையும் கேட்கவில்லை. ‘தேமொழி நான்தான். ஏழாம் பாகம் என் தோழி அப்ரினுடையது. அதில் அதிரன் தனியாக இருக்க வேண்டும். ஆகவே என்னைச் சீக்கிரம் கொன்றுவிடுங்கள். கௌரவமாகக் கொன்றால் போதும்’ என்று எழுதினேன். நாம் இரண்டு பேரும் ஒரே ஆளைக் கொல்லச் சொல்லி எழுதியிருக்கிறோம். அந்த மனிதர் நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்றுதான் எனக்குக் கவலை. ஒருவேளை நாம் சொல்லாவிட்டாலும் கொன்றிருப்பாரோ என்னவோ.

உனக்காகத்தான் கேட்டேன். சத்தியமாக. ஆனால் நீ ஒரு நிமிஷ சந்தோஷத்தைக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறாய், நானும் மறைக்கக்கூடாது. லெட்டரை ஒட்டும்போதே எனக்குத் தெரியும், நான் போனால் அவன் வேறு யாரையும் பார்க்கமாட்டான் என்று. அவனை எனக்குத் தெரியாதா? அப்படிப் பார்க்கிறவனாக இருந்தால் நாம் ஏன் ஹாஸ்டலில் ஒரு வாரம் பேசாமல் கிடந்தோம்? உனக்குக் கொடுத்த மாதிரியும் ஆயிற்று, நான் விடாத மாதிரியும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டுதான் ஒட்டினேன்.

வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காரியம் வைத்திருக்கிறேன். வடை, பாயசம் எல்லாம் உண்டு. “யாருக்கு காரியம்?” என்று வீட்டுக்காரர் கேட்டார். “எனக்குத்தான்” என்றேன். “அப்ப எல போட்டு சோறு யார் வடிக்கறது?” என்கிறார் அவர். சுபைர் அண்ணனைக் காரை எடுக்கச் சொல்லி நேராக வாசலுக்கே வந்துவிடு. நீதான் முதல் வரிசையில் உட்கார்ந்து அழ வேண்டும்.

என்னைக் கொல்லச் சொன்னதற்கு எனக்குக் கோபம் இல்லை. அவனுக்காக அந்த அளவுக்குப் போனாயே என்று ஒரு பக்கம் மரியாதையாகக்கூட இருந்தது. வேண்டாம் என்று மறுபடி எழுதினாய் பார், அங்கேதான் நீ அவனை விட்டுவிட்டாய். நானாக இருந்தால் அந்த இரண்டாவது கடிதத்தைப் போட்டிருக்கவே மாட்டேன்.

இப்படிக்கு,
அதிரனின் மனைவி